அளவுகோல் பிள்ளைக்கு மட்டுமா?

பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளக்க இத்தாலியில் சட்டம் இருக்கிறது. கற்பிக்க வேண்டிய அரசு எவ்வளவு செய்தது என்று யார் அளப்பது? பலெர்மோ நகரத்துப் பள்ளிகள் எழுப்பும் கேள்வி இது.

1993 செப்டம்பர் 15. பலெர்மோவின் பிரான்காச்சோ பகுதியில் பங்குத்தந்தையாக இருந்த பினோ புலீசி, தம்முடைய 56-ஆவது பிறந்தநாளன்று இரவு, வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது மாஃபியா. தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்து நல்வழி சொன்னதும், எங்கள் பகுதிக்கு ஒரு நடுநிலைப் பள்ளி வேண்டும் என்று அதிகாரிகளை விடாமல் கேட்டதும்தான் அவர் செய்த குற்றம். அவ்வளவு பெரிய குடியிருப்புப் பகுதியில் அப்போது நடுநிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லை. அவர் கேட்ட பள்ளி 2000-ஆம் ஆண்டில்தான் திறந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 15 தேதியிட்டு, ரோமில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. நேப்பிள்ஸ் நகருக்கு அருகே கைவானோவில் சிறுமிகளுக்கு நேர்ந்த வன்கொடுமை நாட்டையே உலுக்கியிருந்த நேரம். சிறார் குற்றங்களைத் தடுக்கப் போகிறோம் என்று கொண்டுவந்த அந்தச் சட்டம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் மீதும் பாய்ந்தது. அதுவரை இந்தக் குற்றத்துக்கு 30 யூரோ வரை அபராதம், அவ்வளவுதான். அந்த நவம்பரில் நாடாளுமன்றம் உறுதிசெய்த 159-ஆம் எண் சட்டத்தின்படி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவே இல்லை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை. சேர்த்துவிட்டு, தக்க காரணமில்லாமல் தொடர்ந்து அனுப்பாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகைக்கும் ஆபத்து.

தேதிகள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் நடுவில் கிடக்கும் முப்பது ஆண்டுகளை அப்படித் தள்ளிவிட முடியாது. அந்தப் பாதிரியார் அரசைப் பார்த்துப் பள்ளி எங்கே என்று கேட்டார். அரசு இன்று பெற்றோரைப் பார்த்துப் பிள்ளை எங்கே என்று கேட்கிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது, சிறை நிற்கிறது. முதல் கேள்விக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கல்வித் தரம், தேர்வு, பொறுப்புக்கூறல் என்று உலகெங்கும் அரசுகள் சட்டம் இயற்றிக்கொண்டிருக்கும் காலத்தில், பலெர்மோவை நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

பெயில் போடாத தேர்வு

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். பள்ளிகளை அளக்கும் வேலைக்காக 1999-இல் இத்தாலி ‘இன்வால்சி’ என்ற தேசிய நிறுவனத்தை அமைத்தது. 2007-இல் வந்த ஒரு சட்டம், எட்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தாளைச் சேர்த்தது. 2013-இல் வெளியான குடியரசுத் தலைவரின் 80-ஆம் எண் ஆணை, ஒவ்வொரு பள்ளியும் தன்னைத் தானே மதிப்பிட்டு அறிக்கை எழுதி, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றது. பிறகு 2017-இல் 62-ஆம் எண் சட்டம் ஒரு நல்ல திருப்பத்தைக் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இன்வால்சி தேர்வில் கலந்துகொண்டால்தான் இறுதித் தேர்வு எழுதலாம். ஆனால் அதில் எடுக்கும் மதிப்பெண் இறுதித் தேர்வில் சேராது. அந்தத் தேர்வால் எந்தப் பிள்ளையும் தோற்காது.

இரண்டு, ஐந்து, எட்டு, பத்து, பதின்மூன்று ஆகிய ஐந்து வகுப்புகளில் இந்தத் தேர்வு நடக்கிறது. தொடக்கப் பள்ளியில் அச்சிட்ட கையேடு, மேல் வகுப்புகளில் கணினி. எட்டாம் வகுப்புக்கு ஏப்ரல் மாதம். போதிய கணினிகள் இல்லாத பள்ளியில் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து முறைபோட்டு உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. நீளமான பட்டியலிலிருந்து கத்தரித்து எடுத்த அந்தச் சீட்டில் அவருக்கான நுழைவுக் குறியீடும் கடவுச்சொல்லும் இருக்கும். கையெழுத்துப் போட்டு ஆசிரியரிடம் திருப்பித் தர வேண்டும். இத்தாலிய மொழிக்கு 90 நிமிடம், கணக்குக்கு 90 நிமிடம், ஆங்கிலத்தில் படித்தலும் கேட்டலும் தனித்தனியே. வினா வங்கியிலிருந்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வினாத்தொகுப்பு வருவதால் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்துப் பயனில்லை. இத்தாலிய மொழிக்கும் கணக்குக்கும் முடிவு ஐந்து நிலைகளில் வரும். மூன்றாம் நிலையை எட்டினால் அந்த வகுப்புக்குரிய தரத்தை எட்டியதாகப் பொருள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதன் அருமை தெரியும். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019-இல் இங்கே அறிவித்தபோது எழுந்த அச்சம் நினைவிருக்கும். பத்து வயதில் ‘பெயில்’ என்று முத்திரை குத்தினால் அந்தப் பிள்ளை மறுவருடம் பள்ளிக்கு வராது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் சொன்னார்கள். 2020 பிப்ரவரியில் அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பிள்ளையைத் தண்டிக்காமலே பள்ளி முறையை அளக்க வழி உண்டு என்பதை இத்தாலி காட்டியிருக்கிறது. ‘இந்த வினாடி வினா கல்வியைக் குட்டிச்சுவராக்குகிறது’ என்று அங்கே சில ஆசிரியர் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்ததுண்டு. மாணவர்கள் புறக்கணித்ததும் உண்டு. தேர்வுக்காகவே பாடம் நடத்தும் நிலை வந்துவிடும் என்ற அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அளக்காமல் இருப்பதால் ஏழைப் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. அளக்காத இடத்தில் அவருடைய இழப்பு யார் கண்ணிலும் படாது.

எண்கள் சொல்லும் சேதி

பலெர்மோவைத் தலைநகராகக் கொண்ட சிசிலியில், அண்மை ஆண்டுகளில் எட்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தாலிய மொழியில் மூன்றாம் நிலையை எட்டவில்லை. கணக்கில் எட்டாதவர்கள் பாதிக்கும் மேல். கலாப்ரியா, கம்பானியா, சார்டீனியா ஆகிய தென்பகுதி மாநிலங்களும் இதே வரிசையில்தான் நிற்கின்றன.

படிப்பைப் பாதியில் விட்டவர்களின் எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களில், நடுநிலைப் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டவர்கள் 2022-இல் இத்தாலி முழுவதும் 11.5 சதவீதம். சிசிலியில் 18.8 சதவீதம். 2030-க்குள் 9 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்கு. இவர்களோடு இன்னொரு கூட்டத்தையும் இன்வால்சி கணக்கெடுக்கிறது: பதின்மூன்று ஆண்டும் பள்ளிக்குப் போய், கையில் சான்றிதழும் வாங்கி, ஆனால் அடிப்படைத் திறன் வாய்க்காமல் வெளியே வருகிறவர்கள். பள்ளியில் உட்கார்ந்தபடியே கல்வியை இழந்தவர்கள் இவர்கள்.

ஆனால் இந்தத் தேர்வுகள் சொல்லும் மிக முக்கியமான செய்தி வேறொன்று. இரண்டாம் வகுப்பில் வடக்குப் பிள்ளைக்கும் தெற்குப் பிள்ளைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாம் வகுப்பில் இடைவெளி தெரியத் தொடங்குகிறது. எட்டில் அகல்கிறது. பத்தில் இன்னும் அகல்கிறது. தெற்கத்திப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று வடக்கே நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை இந்த ஒரு தகவல் அடித்து வீழ்த்துகிறது. ஏழு வயதில் சமமாக இருந்த பிள்ளைகள் பதினான்கு வயதில் சமமாக இல்லை என்றால், நடுவில் உள்ள ஏழு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? அந்த ஏழு ஆண்டும் பிள்ளை இருந்தது அரசின் பள்ளியில்.

விடைத்தாளைத் திருத்தியது யார்?

அளக்கும் கருவி நேர்மையாக இருந்ததா என்றும் கேட்டாக வேண்டும். கணினித் தேர்வு வருவதற்கு முன்பு, மாணவர்களின் விடைகளை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே பார்த்து, கணினியில் ஏற்றும் படிவங்களில் எழுதி அனுப்பினார்கள். ஆங்கிரிஸ்ட், பாட்டிஸ்டின், வூரி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் கால முடிவுகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தென் இத்தாலியில் வகுப்பின் அளவு குறைந்தால் மதிப்பெண் கூடுவது போலத் தெரிந்தது. தோண்டிப் பார்த்தால் கற்றல் கூடவில்லை. படிவத்தில் விடைகளை ஏற்றும் இடத்தில்தான் மதிப்பெண் கூடியிருந்தது. வெளியிலிருந்து பார்வையாளர் வந்து உட்கார்ந்த வகுப்புகளில் அந்தக் கோளாறு குறைந்தது. 2018 முதல் மேல் வகுப்புகளுக்குக் கணினித் தேர்வு வந்ததும், விடைகள் ஆசிரியர் கைக்கு வராமல் நேரே மையத்துக்குப் போகத் தொடங்கின.

இது இத்தாலிக்கு மட்டுமான நோயல்ல. அமெரிக்காவில் 2002 ஜனவரியில் கையெழுத்தான ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது’ சட்டம், 2014-க்குள் எல்லா மாணவர்களும் தரத்தை எட்ட வேண்டும், எட்ட வைக்காத பள்ளிக்கு நடவடிக்கை என்றது. அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மதிப்பெண்கள் அதிசயமாக உயர்ந்தன. பிறகு ஆசிரியர்களே தவறான விடைகளை அழித்துத் திருத்தியது அம்பலமானது. 2015-இல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சட்டமும் மாற்றப்பட்டது. மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டினால் மதிப்பெண் வரும், படிப்பு வராது.

பலெர்மோவுக்கே உரிய ஒரு வேதனையும் உண்டு. நகரின் வடக்கே ‘ட்ஸென்’ என்ற அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதி. வேலையின்மைக்கும் போதைப் பொருளுக்கும் பேர்போன இடம். அங்குள்ள பள்ளிக்கு, மாஃபியாவை எதிர்த்து 1992-இல் உயிரைக் கொடுத்த நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயின் பெயர். பலமுறை சூறையாடப்பட்டும் மீண்டும் மீண்டும் எழுந்து நின்ற பள்ளி அது. 2023 ஏப்ரலில் அதன் தலைமையாசிரியர் கைதானார். ஐரோப்பிய நிதியில் பிள்ளைகளுக்காக வாங்கிய உணவையும் கணினிகளையும் எடுத்துக்கொண்டார், திட்டங்களுக்குப் பிள்ளைகள் வந்ததாகப் பொய் வருகை எழுதினார் என்பவை விசாரணையாளர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகள். ஒரு தனிமனிதரைக் குற்றம்சாட்ட இதை நினைவூட்டவில்லை. பிள்ளையின் விடை ஒவ்வொன்றையும் ரோம் வரை கொண்டுபோய் எண்ணும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்காக ஒதுக்கிய பணம் தட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று எண்ணுவதற்கு அவ்வளவு கறாரான ஏற்பாடு இல்லை.

மதியம் மூடும் கதவு

இத்தாலியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு வகை நேரம் உண்டு. ஒன்று சாதாரண நேரம். பெரும்பாலும் வாரத்துக்கு 27 மணி. மதியம் ஒன்று, ஒன்றரைக்குப் பள்ளி முடிந்துவிடும். இன்னொன்று முழுநேரம், வாரத்துக்கு 40 மணி. பிள்ளை பள்ளியிலேயே மதிய உணவு சாப்பிட்டு மாலை நாலரை வரை இருக்கும். 1971-இலேயே சட்டமான முறை இது. மிலான் பக்கம் இதுதான் வழக்கம். சிசிலியில் முழுநேரப் பள்ளி கிடைப்பது பத்துப் பிள்ளைகளில் ஒருவர் அளவுக்குத்தான்.

தென் இத்தாலியின் பொருளாதாரத்தை ஆராயும் ‘ஸ்விமெஸ்’ அமைப்பு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. தெற்கத்திப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மணி நேரம் பள்ளி குறைகிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது சக வயது வடக்குப் பிள்ளையைவிட ஒரு முழு ஆண்டுப் பள்ளியை அது இழந்திருக்கும். பிறகு இருவர் முன்னாலும் ஒரே தேர்வை வைத்து, தெற்குப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று அறிக்கை எழுதுகிறோம்.

முழுநேரம் ஏன் வரவில்லை? பள்ளியில் உணவுக்கூடம் வேண்டும், கூடுதல் ஆசிரியர் வேண்டும். ஆசிரியரை நியமிப்பது ரோம். தொடக்கப் பள்ளிக் கட்டடமும் மதிய உணவும் நகராட்சியின் பொறுப்பு. பள்ளி நாட்காட்டியை வகுப்பது சிசிலி மாநில அரசு. 1946-இல் கிடைத்த சிறப்புத் தன்னாட்சிச் சட்டத்தால், கல்வி குறித்துத் தனியாகச் சட்டம் இயற்றும் அதிகாரமும் பலெர்மோவின் நார்மன் அரண்மனையில் கூடும் சிசிலிப் பேரவைக்கு உண்டு. சிசிலியின் வரலாற்றையும் மொழியையும் பள்ளிகளில் கற்பிக்க 2011-இல் அந்தப் பேரவை சட்டம் இயற்றியது. இப்படி மூன்று அரசுகளுக்கு நடுவில் பொறுப்பு சிதறிக் கிடப்பதால், பிள்ளைக்கு மதிய உணவு எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டலாம்.

பல்லாரோவின் தமிழ்ப் பிள்ளைகள்

இந்தக் கணக்கில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1980-களில் தொடங்கி, இலங்கைப் போரின் நெருக்கடியால் வந்து சேர்ந்த தமிழர்கள் பலெர்மோவின் பழைய நகரத்தில், பல்லாரோ சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் வேர் பிடித்தார்கள். இத்தாலியின் பெரிய தமிழ்ச் சமூகங்களில் ஒன்று இது. வீட்டு வேலை, முதியோரைக் கவனிக்கும் வேலை என்று உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கும் புனித ரோசலியா கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவர்களும் ஏறிப்போவது அங்கே சாதாரணக் காட்சி.

அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு வீட்டில் வேலை பார்க்கும் குடும்பத்தில், ஒரு மணிக்குப் பள்ளி முடிந்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? மூத்த அக்கா பார்க்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டு அன்ரி. வீட்டுப்பாடத்தில் இத்தாலிய இலக்கணம் புரியாவிட்டால் அம்மாவிடம் கேட்க முடியாது. அம்மாவின் இத்தாலியன் வேலைக்காகக் கற்ற இத்தாலியன். வீட்டில் தமிழ், தெருவில் சிசிலியன், வகுப்பில் இத்தாலியன், தேர்வில் ஆங்கிலம், வார இறுதியில் தமிழ் வகுப்பு என்று ஒரு பிள்ளை இத்தனை மொழிகளைச் சுமக்கிறது.

இன்வால்சி அறிக்கைகள் வெளிநாட்டுப் பின்னணி மாணவர்களை முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று பிரித்துக் காட்டுகின்றன. இத்தாலிய மொழியில் முதல் தலைமுறைக்கு இருக்கும் இடைவெளி இரண்டாம் தலைமுறையில் குறைகிறது. ஆங்கிலத்திலோ அவர்கள் இத்தாலியப் பிள்ளைகளுக்கு நிகராகவும் பல இடங்களில் ஒரு படி மேலாகவும் நிற்கிறார்கள். வழி விட்டால் இந்தப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள் என்பதற்கு அரசின் எண்களே சாட்சி.

அரசுக்கு எத்தனை மார்க்?

இத்தாலிய அரசியல் சாசனத்தின் 34-ஆவது பிரிவு, பள்ளி அனைவருக்கும் திறந்தது என்கிறது. மூன்றாவது பிரிவு, சமத்துவத்துக்குக் குறுக்கே நிற்கும் பொருளாதார, சமூகத் தடைகளை அகற்றுவது குடியரசின் கடமை என்கிறது. நாடு முழுதும் குடிமக்களுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டிய சேவைகளின் அடிப்படை அளவுகளை மைய அரசு வரையறுக்க வேண்டும் என்று 2001-இல் சாசனத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள். பிற்பாடு, குழந்தைகள் காப்பகம், மாற்றுத்திறன் மாணவர்களின் போக்குவரத்து போன்ற சிலவற்றுக்கு அந்த அளவை வகுத்தார்கள். முழுநேரப் பள்ளிக்கும் மதிய உணவுக்கும் வகுக்கவில்லை. இத்தாலியச் சட்டத்தின் பார்வையில் பள்ளி மதிய உணவு, கேட்பவர்களுக்குக் கட்டணத்துக்கு வழங்கும் சேவை.

ஆக, எட்டாம் வகுப்புப் பிள்ளை எட்ட வேண்டியது மூன்றாம் நிலை என்று துல்லியமாக எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அரசு எத்தனை மணி நேரம் பள்ளி தர வேண்டும், மதியம் சோறு போட வேண்டுமா என்பது பிறந்த ஊரைப் பொறுத்தது. அளவு பிள்ளைக்கு இருக்கிறது, பள்ளிக்கு இருக்கிறது, இப்போது பெற்றோருக்குச் சிறையோடு சேர்த்து இருக்கிறது. அரசுக்கு மட்டும் இல்லை.

இந்த இடத்தில் நாம் தலைநிமிர்ந்து ஒன்றைச் சொல்லலாம். 1956-இல் காமராசர் ஊன்றிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி என்று தமிழ்நாடு நடந்த பாதை பெரியது. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளி மதிய உணவைப் பிள்ளையின் சட்டப்படியான உரிமையாக்கியது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும், இத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று அரசைக் கட்டிப்போட்டது. நடைமுறையில் ஓட்டைகள் ஏராளம். ஆனால் ஓட்டையைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் போகச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. நம் அங்கன்வாடியில் குழந்தையை எடைபோடும் அதே கூரையின் கீழ்தான் சத்துமாவும் கொடுக்கிறோம். எடை குறைந்தால் மாவு தர வேண்டியவர் யார் என்று யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. தேர்வுச் சட்டம் என்பதும் அப்படி இருக்க வேண்டும்.

இத்தாலியில் அந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. கல்வி அமைச்சர் ஜூசெப்பே வால்டிடாரா 2023-இல் தொடங்கிய ‘அஜெண்டா சுத்’ திட்டம், இன்வால்சி முடிவுகளைக் கொண்டே தெற்கின் நலிந்த பள்ளிகளை அடையாளம் கண்டு கூடுதல் ஆசிரியரும் நிதியும் தருகிறது. அளந்த இடத்துக்கே உதவி போகும் நல்ல ஏற்பாடு அது. பலெர்மோவில் இடைநிற்றலைக் கண்காணிக்கும் பகுதிக் குழுக்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. உளவியல் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவர உழைக்கிறார்கள். ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்பது வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுகிறவருக்குத்தான் தெரியும். சம்மன் அனுப்புகிறவருக்குத் தெரியாது. ஆனால் திட்டம் என்பது அமைச்சர் மாறினால் மாறும், நிதி தீர்ந்தால் தீரும். பெற்றோரின் கடமை குற்றவியல் சட்டத்தில் இருக்கும்போது, அரசின் கடமை திட்ட அறிக்கையில் இருந்தால் போதுமா?

எனவே செய்ய வேண்டியது தெளிவு. தேர்வு இருக்கட்டும், பிள்ளையைத் தோற்கடிக்காத இந்த வடிவிலேயே இருக்கட்டும். முழுநேரப் பள்ளியையும் மதிய உணவையும் குடிமக்களின் அடிப்படைச் சேவை அளவுகளில் சேர்த்துச் சட்டமாக்க வேண்டும். ரோம், மாநிலம், நகராட்சி மூன்றில் எதற்கு எது பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ஆண்டுதோறும் ஜூலையில் இன்வால்சி அறிக்கை வெளியாகும்போது, ஒவ்வொரு நகரத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த நகரத்துக்கு அரசு கொடுத்த பள்ளி நேரம், திறந்த உணவுக்கூடங்கள், நிரப்பிய ஆசிரியர் இடங்கள் ஆகியவற்றையும் அச்சிட வேண்டும். தான் தேற வேண்டிய பாடத்தில் அரசு தேறிக் காட்டட்டும். அதுவரை, மதியம் ஒரு மணிக்குக் கதவை மூடிவிடும் ஒரு பள்ளிக்குப் பிள்ளை வரவில்லை என்பதற்காக ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பும் தகுதி அரசுக்குக் கிடையாது.